ரவைக் கோதுப் பேனா

சரஸ்வதி பூசை, இரவு

மகள் அடுத்த கிழமை ஆசிரியை வேலையில் சேருகிறாள். அவளுக்காக, ஒஷாவா நகரத்துக்காரர் ஒருவர் தந்த, சுட்டு முடிந்த துவக்கு ரவையின் பித்தளைக் கோதில் ஒரு பேனா செய்தேன். கராஜில் மூன்று பின்னேரம் கடைந்து மினுக்கியது. இன்று பூசைக்கு அதை அவளுடைய புத்தகங்களின் மேல் வைத்தேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் அங்கே இல்லை. மனைவி அதை எடுத்து மற்றப் பக்கம், என் உளிகளுக்கும் கார்த் திறப்புக் கொத்துக்கும் நடுவில் வைத்திருந்தாள்.

"ஏனப்பா மாத்தினனீர்?"

"உது ஆயுதம். ஆயுதங்களோடை இருக்கட்டும்."

"அது வெறுங் கோது. வெடிச்சு முடிஞ்சுது."

"வெடிச்சபடியாத்தான் சொல்லுறன்," என்றாள். பிறகு சந்தனம் குழைத்து அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

பேனாக்கள் எல்லாம் பூசையில் இருப்பதால் இதைப் பென்சிலால் எழுதுகிறேன். எழுதவே கூடாத இரவு. விடிந்ததும் மகள் அந்தப் பேனாவை எடுத்து முதல் எழுத்து எழுதுவாள்.

கடதாசி இலக்கைச் சுட்ட கோதுதான் என்று மனைவியிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கோதுகளைத் தந்த ஒஷாவாக்காரரிடம், எதைச் சுட்டீர்கள் என்று நான் கேட்டதே இல்லை.