புங்க எண்ணெயில் கலந்த பவுடர்

1958 நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். காக்கிச் சட்டை காயவில்லை. காலைக் காட்டுச் சுற்றுக்குப் போகவில்லை. ஃபாரஸ்ட் கார்டும் மனுஷன்தானே.

டைகருக்கு உண்ணி. காதுக்குள், விரல் இடுக்கில், வாலுக்கு அடியில். நாற்பது வரை எண்ணினேன், எரிச்சலில் விட்டுவிட்டேன். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் இல்லை, சொறி. மாற்றலாகிப் போன ரேஞ்சர் கொடுத்துவிட்டுப் போன நாய். பாதி சீமை, பாதி தெரு. இரண்டு வேளையும் டீயில் நனைத்த பொறை ரொட்டிதான் தின்கிறது. அவர் பழக்கிய பழக்கம்.

தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் வெள்ளச்சி, இடுப்பில் கைக்குழந்தையோடு நின்று பார்த்தாள். கேட்காமலே வைத்தியம்.

"பொறையும் டீயும் குடுத்தா இப்பிடித்தான் சாமி ஆவும். சாமைக் கஞ்சி ஊத்துங்க. ஆடு அறுக்கிற அன்னிக்கி கொடலு கிடலு போடுங்க. உண்ணிய கையால புடுங்கிட்டு புங்க எண்ணெ தடவுங்க."

நான் வளர்க்கும் பூனைக்கும் அரை வயிறுதான் வைக்க வேண்டுமாம். மீதியை அது எலியில் தேடிக்கொள்ளுமாம். அவள் வீட்டில் நாய் மூன்று, இந்த வளர்ப்புதான். மூன்றுக்கும் கல் மாதிரி உடம்பு. அதுதான் எனக்கு ஆகவில்லை. சர்க்கார் உத்தியோகஸ்தனுக்கு நீ பாடம் சொல்கிறாயா என்று கத்தினேன். குழந்தை அழுதது. போய்விட்டாள்.

மாலை அவள் புருஷன் சடையன் மூங்கிலோடு அகப்பட்டான். வெட்ட அனுமதிச் சீட்டு இல்லை. இரண்டு அறை விட்டேன். உதடு கிழிந்தது. ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் நிமிர்ந்து நின்றான். இப்படி நிற்பவனைக் கண்டால் எனக்கு ஆகாது. மூன்றாவதும் வைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் வாசற்படியில் ஒரு சீசா புங்க எண்ணெய். அவள் வைத்ததுதான்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். துணி உலர்த்தினேன்.

திருப்பத்தூருக்குக் கடிதம். என் மனைவி அங்கே அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாம். எனக்கு மலைக்காற்றுதான் துணை.

அனுப்பச் சொன்னவை: ஊறுகாய், பிளேடு, கம்பளி.

பூனை ஒரு எலியைப் பிடித்து என் பூட்ஸுக்குள் போட்டிருக்கிறது. மரியாதை போலும்.

மூட்டைப்பூச்சிக்கு என்று கீழே கடையில் வாங்கிய பவுடர் டப்பா அப்படியே இருக்கிறது. மண்டையோடு படம். தோலில் படக்கூடாது என்று அச்சடித்திருக்கிறது. அது மனுஷனுக்கு. வெள்ளச்சி எண்ணெய் என்கிறாள், கடைக்காரன் பவுடர் என்றான். இரண்டையும் சேர்த்தால் இரட்டைப் பலன் என்று தோன்றிற்று. என் மூளையே மூளை. டம்ளரில் கூழாகக் குழைத்து, காதிலிருந்து வால் வரை தேய்த்தேன். பாதி சீசா ஆயிற்று. நாய் முனகியது. வாயைக் கட்டிவிட்டுத் தேய்த்தேன்.

ஒரு மணி நேரத்தில் உண்ணி பொலபொலவென்று உதிர்ந்தது. முறத்தால் வாரிக் கொட்டினேன். கட்டை அவிழ்த்ததும் டைகர் உடம்பெல்லாம் நக்கிக்கொண்டது. குளிருக்குப் பூனை வழக்கம்போல அதன் வயிற்றில் ஒண்டிப் படுத்து அதுவும் நக்கிற்று. வெள்ளச்சி வந்தால் காட்ட வேண்டும்.

நவம்பர் 5, புதன்

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

கா. 7 மணி: டைகருக்கு நடுக்கம். காய்ச்சல் என்று நினைத்தேன். பொறை தின்னவில்லை.

9 மணி: விழுந்து கால் நான்கும் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. எழுந்தது, சுவரில் முட்டியது, என்னைத் தெரியவில்லை. வாசலில் பாய்ந்தது. வெள்ளச்சி குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். நல்ல வேளை, குழந்தை இடுப்பில் இல்லை. கெண்டைக்காலில் கவ்வி உதறிற்று. குடம் உடைந்தது. சதை தொங்கியது.

வெறிநாய், வெறிநாய் என்று ஊரே கூடிற்று. கல், தடி. அவர்கள் கிட்டே வருமுன் நானே அடித்தேன். தலையில். ஒரே அடியில் சாகவில்லை. ஏழோ எட்டோ. கடைசி அடி வரை வாலை ஆட்டியதா, இழுப்பா, தெரியவில்லை. என் கால்சட்டையெல்லாம் ரத்தம். பவுடர் நெடி அடித்தது. எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

மூப்பன் வந்தார். ஊருக்கு அவர் சொல்தான் சட்டம். மாட்டுக்குச் சூடு போடும் கோலை அடுப்பில் சொருகச் சொன்னார். வெறிநாய்க் கடிக்கு இங்கே அதுதான் வைத்தியம்: கடித்த அன்று ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று. வேலூருக்குக் கொண்டுபோய் ஊசி போடுங்கள் என்றேன். அமிர்திப் பாதையில் ஓடை இடுப்பளவு போகிறதாம்.

சடையன் என்னிடம் வந்தான். உதட்டில் திங்கட்கிழமைக் காயம்.

"சாமி, நாய்க்கு வெறிதானுங்களா? சொல்லுங்க. இல்லேன்னா சூடு வேணாம்."

ஆமாம் என்றேன்.

ஏன் சொன்னேன்? ஒரு மூட்டைப்பூச்சிப் பவுடரால் சொந்த நாயைக் கொன்ற ஃபாரஸ்ட் கார்டு என்று மலை முழுதும் சிரிக்கும். நான் அடித்தவனிடமே போய் என் தப்பு என்று சொல்ல நாக்கு வரவில்லை. அவ்வளவுதான். வேறு காரணம் இல்லை.

நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். சதை பொரிந்த சத்தம் கேட்டது. அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. பிறகு ஊருக்கு வெளியே காவல் குடிசையில் கொண்டுபோய்ப் போட்டுக் கதவைக் கட்டினார்கள். வெறி ஏறினால் கடிப்பாளாம். குழந்தையைப் பிரித்துவிட்டார்கள்.

நவம்பர் 6, வியாழன்

மழை. அடுப்புப் பற்றவில்லை.

குழந்தை அழுவது இதுவரை கேட்கிறது. கஞ்சித் தண்ணீரைத் துப்புகிறதாம். அவளுக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்த பெண் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். போடி என்று செம்பை எறிந்தேன்.

11 மணி: பூனைக்கு நடுக்கம். அதே நடுக்கம். அதே இழுப்பு, அதே நுரை. மூலையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்ச் செத்தது. அதை எந்த நாயும் கடிக்கவில்லை. உடம்பெல்லாம் பார்த்துவிட்டேன், ஒரு பல் குறி இல்லை. கடித்திருந்தாலும் ஒரே நாளில் வெறி வருமா? நக்கியது, செத்தது.

இதுவரை, ஒருவேளை நிஜமாகவே வெறியோ என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாக்கும் போயிற்று.

மண்வெட்டியை எடுத்தேன். புதைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? குழியும் தோண்டினேன். நாளைக் காலை இரண்டாம் சூடு. குழியை வெறுமையாகவே மூடினேன். பூனை சாக்கில் இருக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல்.

காலையில் சாக்கோடும் மருந்து குழைத்த டம்ளரோடும் காவல் குடிசைக்குப் போனேன். கோல் நெருப்பில் சிவந்திருந்தது. எல்லாரும் கேட்கச் சொன்னேன்: நாய்க்கு வெறி இல்லை, நான் தேய்த்த மருந்து, பூனையும் அதை நக்கித்தான் செத்தது, அன்று பொய் சொன்னேன். பூனையைத் தரையில் போட்டேன்.

என்னை அடிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் அசையவில்லை. சடையன் மட்டும் பேசினான்.

"அன்னிக்கி ஆமான்னீங்க. இன்னிக்கி இல்லேன்றீங்க. எதை சாமி நம்பறது? பால் குடிக்கிற புள்ளைங்க அது. வெறின்னா அதையும் கடிச்சிருவாளே."

என் வாய்ச் சொல்லுக்கு இந்த மலையில் என்ன விலை என்று அப்போதுதான் தெரிந்தது. குடிசைக் கதவின் கயிற்றை அவிழ்த்தேன். வெள்ளச்சி சுவரோரம் கிடந்தாள். கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. அவள் முன்னால் உட்கார்ந்து வலது கையை நீட்டினேன். உனக்கு வெறி என்றால் எனக்கும் வரட்டும், கடி என்றேன்.

சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள்.

"நான் குடுத்த எண்ணெயிலயா கலந்தீங்க?"

ஆமாம் என்றேன்.

கடித்தாள். பேருக்குக் கடிப்பாள் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. கட்டைவிரலின் அடிச்சதையில் பல் இறங்கி எலும்பில் முட்டிற்று. விடவில்லை. இரண்டு நாளின் சூடும் பாலும் அந்தப் பல்லில் இருந்தது. கத்தினேன். கையை மட்டும் இழுக்கவில்லை. அதுவாவது செய்தேன்.

விட்டபோது அவள் முகவாயெல்லாம் என் ரத்தம். மூப்பன் எட்டிப் பார்த்துவிட்டுச் சடையனைப் பார்த்தார். சடையன் நெருப்பிலிருந்து கோலை உருவி என் முன்னால் கொண்டுவந்தான். அனல் முகத்தில் அடித்தது.

"கடி பட்டவருக்கு சூடு போடணும், சாமி. போடட்டுங்களா?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் சொன்னதை நானே நம்புகிறேனா என்று பார்த்தார்கள்.

வேண்டாம் என்றேன்.

சடையன் கோலைச் சேற்றில் குத்தினான். புஸ் என்றது. ஒரு கிழவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வெள்ளச்சி வாயைக்கூடத் துடைக்காமல் வாங்கி மார்போடு அணைத்தாள். முதல் இழுப்பில் வலி பொறுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டாள். குழந்தை விடாமல் குடித்தது.