கண் சிமிட்டும் பிறப்புரிமை

2025 செப்டெம்பர் 8, திங்கள்

இன்று படிக்கட்டுக்குக் கீழே நின்று பள்ளி அதிபரின் குரலில், "ஒன்பதாம் வகுப்பு, எல்லாரும் மைதானத்துக்கு!" என்றேன். வகுப்பே காலி. அதிபரிடம் இருப்பதைவிட என் தொண்டையில்தான் அதிபர் அதிகமாக இருக்கிறார்.

வீட்டுக்கு வந்தால் ஜெரோமி சிமிட்டிக்கொண்டிருந்தான். தம்பி, எட்டு வயது. ரெண்டு கண்ணையும் இறுக்கி, பிறகு விரித்து, மறுபடி இறுக்கி. இது ரெண்டு வாரமாக இருக்கிறது. இப்போது தொண்டையில் சத்தமும் சேர்ந்திருக்கிறது. 'ம்க்கும்.'

அம்மா கேட்டார், "அடியே பெட்டி, நீதான பழக்கி உட்ட?"

பெற்றீசியா என்று பெயர் வைத்துவிட்டுப் பெட்டி என்று கூப்பிடுகிறார்கள். மூடாத பெட்டி. நான் பழக்கவில்லை என்று சொன்னேன். அம்மா சிரித்தார். நான் உண்மை சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள், அதுதான் வேடிக்கை.

செப்டெம்பர் 9

அவனையே கேட்டேன். ஏன்டா செய்யிற?

"தும்மல் வரப்போகுதுன்னா முன்னாடியே மூக்குல ஒரு மாதிரி வருமேக்கா, அது எனக்குக் கண்ணுல வருது. சிமிட்டுனா போயிரும். அப்பறம் திருப்பி வரும்."

இவ்வளவு நுணுக்கமாக என்னால் எவனுக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது.

செப்டெம்பர் 11, வியாழன்

அவனுடைய வகுப்பாசிரியர் யோகேஸ்வரன் சேர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "இது அடங்குனதுக்கு அப்பறம் அனுப்புங்க இக்னேசியஸ். மத்த புள்ளைகளும் பாத்து செய்யுதுங்க."

"சரிங்க சேர்" என்று அப்பா ஜெரோமியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். அவ்வளவுதான். ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. என்னைப் பார்த்து மட்டும், "இந்த வெளையாட்ட நிப்பாட்டு புள்ள" என்றார்.

மாதா மேல சத்தியமா நான் இல்லப்பா. சொன்னேன். அழுதுகிட்டே சொன்னேன். அதையும் நடிப்புன்னு நினைச்சிருப்பாரு.

நான் இல்ல. ஆனா — ஒரு நாள் அவனைச் சிரிக்க வைக்கிறதுக்கு நானும் சிமிட்டிக் காட்டினேனே. அதுல ஒட்டிக்கிச்சா? அடங்கலைன்னா இவன் பள்ளிக்கூடமே போக மாட்டானா?

செப்டெம்பர் 12

ஜெரோமி வீட்டில். கோழிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறான். கோழியும் சிமிட்டுகிறது. யாரும் அதை வெளியே நிறுத்தவில்லை.

செப்டெம்பர் 15, திங்கள்

விஞ்ஞானம் எடுக்கும் தனுஷிகா டீச்சரிடம் போய்க் கேட்டேன். முதலில் நம்பவில்லை, என் கையில் பல்லி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு உட்கார வைத்துச் சொன்னார். "இது பாத்து ஒட்டிக்கிறது இல்ல பெற்றீசியா. நீ பழக்கவும் முடியாது, அடிச்சு நிறுத்தவும் முடியாது. குடும்பத்துல வரும். டொக்டர்ட்ட காட்டுங்க."

பரம்பரைக் குணங்கள் பற்றிய பிறப்புரிமையியல் பாடத்தைத் திறந்து காட்டினார். பிறப்புரிமை! நாங்கள் பிறந்து வளர்ந்த லயத்து ஒற்றை அறைக் காம்பராவுக்கு ஒரு உறுதிப் பத்திரம் கிடையாது, வாசலில் உள்ள கறிவேப்பிலைகூடத் தேயிலைத் தோட்டத்துடையது. உடம்புக்குள்ளே மட்டும் யாரும் பறிக்க முடியாத பிறப்புரிமை இருக்கிறதாம்.

அடுத்த பாடத்தில் கண் சொருகியது. ஒரு பரம்பரையலகு, அதாவது ஜீன், ரயிலில் வருவதாகக் கனவு. டிக்கெட் இல்லை, பெட்டிக்குப் பெட்டி ஒளிந்து வருகிறது. ஒருவர் மடியில் தூங்குகிறது, இன்னொருவர் தோளில் எழும்பிப் பார்க்கிறது. நானுஓயாவில் வண்டி நின்றதும் ஜெரோமியின் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டருக்கு என் குரல்.

வீட்டில் சொன்னேன். டொக்டர் எல்லாம் வேண்டாம் என்றார் அப்பா. அம்மா கொழுந்துக்கூடையைக் கீழே வைத்தார். "வியாழக்கிழம நீங்க புள்ளையக் கூட்டிட்டுப் போறீங்க. இவளும் வருவா."

செப்டெம்பர் 18, வியாழன்

நுவரெலியா பஸ். தேயிலை பச்சை பச்சையாக வழிந்து போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் நிற்கிறோம், மலைதான் பஸ்ஸில் போகிறது என்று ஜெரோமியிடம் சொன்னேன். நம்பிவிட்டான்.

டொக்டர் ஒரு சிங்கள அம்மா. அப்பாவின் சிங்களம் கடையில் சாமான் வாங்கத்தான் காணும் என்பதால் நான் மொழிபெயர்ப்பாளர். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார்.

"எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லன்னு சொல்லு."

'நே' என்றேன், இல்லை என்று.

டொக்டர் ஜெரோமியோடு கொஞ்ச நேரம் விளையாடினார். பிறகு அப்பாவிடம் நேராக, மெதுவாக, "மேக ஜானவலின் என தெயக்" என்றார். ஜானவிலிருந்து வருகிற ஒன்று என்கிறார், ஆனால் ஜான என்ற சொல் எனக்கும் புதிது. நான் வாயைத் திறக்கும் முன் அப்பா எழும்பிவிட்டார்.

"ஜான்கிட்ட இருந்து வந்ததுங்கிறாங்களா? எங்கண்ணன் ஜான இவங்களுக்கு எப்புடித் தெரியும்? யாரு சொன்னா?"

எனக்கு ஒரு பெரியப்பா கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் இருப்பது தெரியும். பெயர் தெரியாது. வீட்டில் யாரும் சொல்வதில்லை.

"கவுத ஜான்?" என்றார் டொக்டர். யார் ஜான்?

பரம்பரையலகைத்தான் சிங்களத்தில் ஜான என்பார்களாம். அப்பாவிடம் சொன்னேன். அவர் உட்கார்ந்தார். மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அண்ணனுக்குக் கழுத்து வெட்டும். நாய் கொரைக்கிற மாதிரி சத்தம் வரும். தோட்டத்துல எல்லாரும் கொரைச்சுக் காட்டுவாங்க. பன்னெண்டு வயசுல ஸ்கூல உட்டு நிப்பாட்டுனாங்க. அப்பறம் கொழும்புப் பக்கம் ஓடிட்டாரு."

எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். குரைக்கும் இடம் வந்தபோது செய்து காட்டவில்லை. சொல்லால் மட்டும் சொன்னேன். எனக்கே ஆச்சரியம்.

டொக்டர் சொன்னது: இது ஒரே ஒரு அலகின் வேலை இல்லை. சின்னச் சின்னதாகப் பல சேர்ந்து செய்கிற வேலை. ஒரே குடும்பத்தில் ஒருவருக்குக் கழுத்தில், ஒருவருக்குக் கண்ணில், ஒருவருக்கு எங்குமே இல்லாமலும் போகலாம். பையன்களுக்குத்தான் கூடுதல். வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். அடக்கு, அடக்கு என்றால் கூடும். பள்ளிக்கு அனுப்புங்கள்.

கடைசியில், "உங்களுக்கு?" என்று அப்பாவைக் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஜன்னலைப் பார்த்தார்.

செப்டெம்பர் 19

பின்னேரம் அப்பா விறகு பிளந்துகொண்டிருந்தார். "ஏ புள்ள, இங்க வா" என்றார். போனேன். விறகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றார். இடது தோள் ஒருதரம் துள்ளியது. பிறகு தொண்டை. ம்க்கும். மறுபடி தோள்.

"பெக்டரியில கொழுந்து அரைக்கிற மெசின் பக்கம் ஏன் கேட்டு வாங்குனேன்னு நெனைக்கிற? அந்த எரச்சல்ல நான் எத்தன தடவ செருமுனாலும் யாருக்கும் கேக்காது."

தோட்டத்தில் எல்லோரையும் பார்த்துச் செய்து காட்டிப் பழகினவள் நான். அப்பாவைப் பார்க்கவில்லை.

"எல்லாரையும் செஞ்சு காட்டுவ. என்னைய மட்டும் ஒரு நாளும் செஞ்சதில்லையே?"

"நீங்கதான் ஒண்ணுமே செய்யமாட்டீங்களேப்பா."

"அத்தன பாடுபட்டு அடக்கி வச்சிருக்கேன்ல."

இருவரும் சிரித்தோம். அப்புறம் மெதுவாகச் சொன்னார், "நீ இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

தெரியுமாம். தெரிஞ்சுகிட்டே என்மேல போட்டாராம். கோபப்படலாம் என்று இரவுச் சாப்பாடு வரைக்கும் முயற்சி செய்தேன். அவருடைய தோள்தான் கண்ணுக்குள் வந்துகொண்டிருந்தது, பறக்கத் தெரியாத சிறகு மாதிரி.

செப்டெம்பர் 22, திங்கள்

அப்பா வேலைக்குப் பிந்திப் போனார். ஜெரோமியின் கையைப் பிடித்து மூன்றாம் வகுப்பு வாசலில் நின்றார். நான் தூணுக்குப் பின்னால்.

"சேர், இது எங்க குடும்பத்துல வர்றது. எங்கண்ணனுக்கு, எனக்கு, இப்ப இவனுக்கு. மூத்தவளுக்கு வாய் மட்டுந்தான்."

யோகேஸ்வரன் சேர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

"அடங்குனாத்தான் வரணும்னா எங்கண்ணன் மாதிரி இவனும் வரவே முடியாதுங்க சேர். வகுப்புல இருக்கட்டும்."

சேர் அப்பாவின் துள்ளும் தோளைப் பார்த்தார். பிறகு ஜெரோமியிடம், "புத்தகம் கொண்டாந்தியா? வா உள்ள" என்றார்.

அப்பா பெக்டரிப் பாதையில் இறங்கினார். மேல்மாடி வகுப்பிலிருந்து பார்த்தேன். மூடுபனி முதலில் அவர் காலை எடுத்தது, பிறகு இடுப்பை, கடைசியாகத் தோளை. யாருமே இல்லாத வெள்ளையாகிவிட்டது பாதை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது. ம்க்கும். ம்க்கும். ஒளிக்காமல், தாராளமாக.

வகுப்பில் சிரித்தார்கள். துஷாந்த் என் பக்கம் திரும்பினான். "ஏய் பெட்டி, நீதான?"

"நான் இல்ல," என்றேன். "அது எங்கப்பா."