அக்கா வேனின் பூட்டு

ஞாயிறு, 8

காலையிலிருந்தே மழை. துணி காயவில்லை. இவர் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்குக் கிளம்பிவிட்டார். தொடர்ந்து மூன்றாவது ஞாயிறு! அங்கே இருக்கும் என் அக்காவின் கேம்பர் வேனுக்குக் கதவுப் பூட்டு சரியில்லையாம். போனில் அவள் குரல் எனக்கும் கேட்டது: "தம்பி, ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், யாரும் திறந்துடலாம் லா. உள்ள இருந்தும் பூட்டணும். ஸ்ட்ராங்கா போடுங்க."

எங்கள் ஓட்டை வேன் செந்தூல் பிளாட் கீழே நிற்கிறது. ஓங்கி அறைந்தால்தான் கதவு மூடும். அதைப் பார்க்க நேரமில்லை.

அக்கா வேனில் இருப்பவை: ஏசி, மடக்குக் கட்டில், சோலார். இப்போது என் புருஷனும்.

கடைசி வரியை அடித்தேன். அடித்தும் படிக்க முடிகிறது.

திங்கள், 9

விடிந்ததும் அதே பேச்சு. கதவுக்குப் பின்னால் இரும்புத் தகடு, நட்டெல்லாம் உள்பக்கம். வெளியே சாவி, உள்ளே திருகிப் பூட்டும் பிடி. "அக்கா டீ போட்டாங்க பாரு..." என் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். மீதியைக் கொட்டினேன்.

புதன், 11

எங்கள் வேனுக்கும் பூட்டு. வாங்கிய பூட்டுப் பெட்டியில் இரண்டு இருந்ததாம், மிச்சம் எங்களுக்கு. மிச்சம்!

"ரெண்டுக்கும் ஒரே சாவி, கலை. அவங்களது தொலைஞ்சா நம்மகிட்ட இருக்கும்ல."

நல்ல பூட்டுதான். அதற்கும் கோபம் வந்தது.

வாங்க: கறிவேப்பிலை, சலவைத் தூள், அக்கா பிறந்தநாளுக்கு ஏதாவது. புடவை வேண்டாம், நிறைய வைத்திருக்கிறாள்.

ஞாயிறு, 15

அக்கா வீட்டில் பிறந்தநாள் சாப்பாடு. ஒரே சாவிக் கதையை இவர் எல்லாருக்கும் சொன்னார். அக்கா வீட்டுக்காரர், அத்தான், பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நைசாக வெளியே வந்தேன். அப்படி என்னதான் வைத்திருக்கிறாள், பார்த்துவிடலாம். அக்கா வேன் கதவில் என் சாவி சுலபமாகத் திரும்பியது.

ஒரு தலையணை. மடித்த நைட்டிகள். பல் பிரஷ். முருகன் படம், காய்ந்த பூ.

அக்கா பின்னால் நின்றாள். திட்டவில்லை.

"குடிச்சா உங்க அத்தான் ரூம் கதவ உடைக்கிறாரு, கலை. தம்பிகிட்ட திருடன் பயம்னு சொன்னேன். இந்த ஒரு வாரமாத்தான் தூங்குறேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அப்போதும் என் கண் அந்தப் படுக்கை விரிப்பில். எங்கே வாங்கினாளோ.

செவ்வாய், 17

நல்ல வெயில். மதியம் அத்தான் போன் செய்தார். என்னை ஒருநாளும் அழைக்காதவர்.

"கலை, உங்க வேன் சாவி கொஞ்சம் வேணுமே. அக்கா அவளோடத எங்கேயோ வச்சுட்டா. சாயங்காலம் வரேன்."

சாவி என் உள்ளங்கையில். "தொலைஞ்சு போச்சு அத்தான்."

"தம்பிகிட்ட ஒன்னு இருக்குமே."

அத்தான் போனை வைத்ததும் இவருக்குப் போன் போட்டேன். "உங்க சாவியும் தொலைஞ்சு போச்சு. ஏன்னு கேக்காதீங்க, வீட்டுக்கு வாங்க, சொல்றேன்."