கட்டிலருகே இன்னொரு நாற்காலி

ஏப்ரல் 16, 1972, ஞாயிறு

இன்று மதியச் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள்: நான், புரூனோ, மகள் மார்சியா, புரூனோவின் தம்பி ஸ்டாஷ், அவன் மனைவி ஐரீன், புரூனோவோடு வேலை செய்யும் டெல்பர்ட், அவர் மனைவி ஆர்டித். ஏழு பேர். ஃபாதர் சிக்மண்ட் வருவதாகச் சொல்லியிருந்தார், ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டார்.

முட்டைக்கோஸ் பூரணம் வைத்துப் பிரோகிக் கொழுக்கட்டை செய்தேன். மிச்சமானவை ஐந்து. ஐந்தும் புரூனோவின் தட்டில்.

ஸ்டாஷ் வழக்கம்போல் ஆரம்பித்தான். "அண்ணே, இத்தனை வருஷமா அந்த ஜன்னல் இல்லாத கட்டடத்துக்குள்ள போறீங்க. உள்ள என்னதான் செய்றீங்க? எனக்கு மட்டும் சொல்லுங்க."

"துணி துவைக்கிற மெஷின்" என்றார் புரூனோ.

"அப்ப எங்களுக்கு ஒண்ணு குடுங்க. ஐரீனுக்குக் கை தேயுதாம்."

"உங்களுக்கு முன்னால பெரிய வரிசை நிக்குது" என்றார் டெல்பர்ட்.

அவரும் புரூனோவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. பார்த்தால் சிரிப்பு வரலாம், வராமலும் போகலாம். எதுவானாலும் எங்களுக்கு ஏதோ தெரிந்துவிடும் என்று பயம்.

சாப்பாடு முழுக்க அவருடைய இடது கை விலா எலும்புக்குக் கீழே அழுத்திக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 19

புரூனோவுக்கு வெறும் பால். வெக்கையில் வயிறு கெட்டுவிட்டதாம். ஏப்ரலில் என்ன வெக்கை?

ஏப்ரல் 27

மாதக் கணக்கை எழுதி முடித்தேன். சரியாக வந்தது. கணக்கு சரியாக வந்தாலே மனம் வேறு எங்காவது போய் நிற்கிறது.

நூலகத்திலிருந்து, கேமரா லென்ஸ் மாதிரிக் கண்ணாடிவில்லைகளைப் பற்றிய அந்தப் புத்தகத்தை மூன்றாம் முறையாக எடுத்து வந்தேன். எட்டாவதோடு என்னைத் தொப்பி ஆலைக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு மேல் படித்ததெல்லாம் அடுப்படியில், நானாக. அவருடைய வேலை கண்ணாடிவில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அவர் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. பவுடர் கூடாது. கம்பளிச் சட்டை கூடாது. தினமும் காலையில் தலைக்குக் குளிக்க வேண்டும். ஒரு தூசிக்குப் பயப்படுகிற வேலை. மார்சியாவின் சின்னக் கேமராவைக் கையில் எடுத்தால், காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல் எடுப்பார்.

ஒளி எப்படி வளைகிறது என்று ஒருவாறு புரிந்துவிட்டது. அவரைத்தான் இன்னும் புரிந்துகொள்ள முடியவில்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் கோட்டைக் கழற்றிக்கொண்டே "லோடி, இன்னைக்கு வேலையில என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பிக்க வேண்டும். ஐரீனுக்கு அது தினமும் கிடைக்கிறது. அவளுக்கு அது தலைவலி.

மே 5, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

டாக்டர் ஹாஸ்கெல் அலுவலகத்து நர்ஸ் போன் செய்தாள். "ஆபரேஷன் தேதி குறிக்க உங்க வீட்டுக்காரர் இன்னும் வரலியே. டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்கார்."

"என்ன ஆபரேஷன்?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு சொன்னாள். வயிற்றில் கட்டி. ஜனவரியிலேயே படம் எடுத்துப் பார்த்துச் சொல்லியாகிவிட்டதாம்.

ஜனவரி. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். நான் பால் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மாலையில் கேட்டேன். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"என்னால அந்த மேஜையில படுக்க முடியாது, லோடி. மயக்க மருந்து குடுப்பாங்க. வாய் தானா திறந்துக்கும்."

"திறந்தா திறக்கட்டுமே."

"ஒருத்தன் பல்லு பிடுங்கப் போயி, மயக்கத்துல என்னென்னவோ உளறிட்டான். அதுக்கப்புறம் அவனை எங்க பக்கம் பாக்கவே இல்ல."

"அதுக்காக? வயித்துல கட்டிய வச்சுக்கிட்டு அஞ்சு மாசம்?"

"அது போகட்டும். அது போனப்புறம் படுக்கறேன்."

"எது போகணும்?"

சின்னப் பையனைப் போல் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

'அது.' கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கட்டடத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் சொல். இப்படியா கிடைக்க வேண்டும்.

மே 6

பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போனேன். தெரிந்துகொள்ள ஆசைப்படுவது பாவமா என்று ஃபாதர் சிக்மண்டைக் கேட்டேன். கூண்டின் சல்லடைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெருமூச்சு.

"இந்த ஊர்க்காரங்க ரகசியம் மூட்டை மூட்டையா என்கிட்டயும் இருக்கு, அம்மா. எனக்குப் பெண்டாட்டி இல்ல, அதனால தப்பிச்சேன். ஆசை பாவம் இல்ல. ஆனா அவர் உயிருக்கு முன்னால அது நிக்கக் கூடாது."

மூன்று அருள்நிறை மந்திரம் அபராதம். முப்பது சொன்னேன்.

மே 27, சனி

பேப்பரில் பெரிய எழுத்தில் வந்திருக்கிறது. ரஷ்யாவும் நாமும் ஒப்பந்தம் போட்டாயிற்று. ஏவுகணைகள் இத்தனைக்கு மேல் கூடாதாம். எப்படி எண்ணுவார்களாம்? ஒவ்வொரு நாடும் தன்னிடம் உள்ள கருவிகளைக் கொண்டு பார்த்துக்கொள்ளும், மற்றவர் தடுக்கக் கூடாது என்று ஒரு வரி. என்ன கருவி என்று ஒரு சொல் இல்லை.

புரூனோ அந்தப் பக்கத்தைப் படித்தார். மடித்தார். குளியலறைக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

அந்த வரிக்குள் என் புருஷன் இருக்கிறார் என்று தோன்றியது. வானத்தில் எங்கோ உயரத்தில் ஒரு கண், அதைத் துடைத்துத் துடைத்து அனுப்புகிற கை. தோன்றியதை அவரிடம் சொல்லவில்லை. "சூப் ஆறுது" என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 7

நான் செய்தது சரியா?

சமையலறைச் சுவரில், புரூனோவின் கம்பெனி கொடுத்த ஒரு போன் நம்பர் ஒட்டியிருக்கிறது. வீடு தீப்பிடித்தால் மட்டும் கூப்பிடலாம் என்பது ஏற்பாடு. இன்று அவர் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. அந்த நம்பரைக் கூப்பிட்டேன்.

"எங்க தீ?" என்று ஒரு குரல் கேட்டது.

"என் வீட்டுக்காரர் வயித்துல" என்றேன்.

ஜூன் 8

லாத்ரப் என்று ஒருவர் வந்தார். பழுப்பு நிறக் கோட்டு, பெரிய பெரிய கைகள். கம்பெனியின் காவல் பிரிவாம். வாசலில் ஷூவை அவ்வளவு நேரம் துடைத்தார். புரூனோவுக்கு எதிரில் உட்கார்ந்தார். என்னைப் போகச் சொல்லவில்லை, நானும் போகவில்லை.

"இதுக்கெல்லாம் ஏற்பாடு இருக்கே, புரூனோ. மயக்கத்துல இருக்கறப்ப எங்க ஆள் ஒருத்தர் பக்கத்துல உக்காந்துக்குவார். டாக்டரும் நர்ஸும் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடுவாங்க. அவ்வளவுதான். வருஷத்துல ரெண்டு மூணு பேருக்குச் செய்றோம். ஜனவரியிலயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

புரூனோ மேஜைத் துணியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கேக்கக் கூடாதுன்னுதானே சொல்லிக் குடுத்தீங்க."

லாத்ரப்புக்குக் காப்பி கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

கேட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். ஒரே ஒரு கேள்வி. இந்த வீட்டில் நாங்கள் இருவருமே கேட்காமல் இருக்கப் பழகிவிட்டோம். நான் அவரை, அவர் அவர்களை.

ஜூன் 20, செவ்வாய்

ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் மார்சியாவும் செபமாலையும். லாத்ரப் பச்சைத் தொப்பியும் அங்கியும் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அங்கி அவருக்கு முழங்கால் வரைதான் வந்தது. மார்சியா சிரித்துவிட்டு, உடனே அழுதாள்.

வெட்டி முடித்து, மயக்கம் தெளிகிற அறைக்குக் கொண்டுபோனார்கள். எழுந்து பின்னாலேயே போனேன். நர்ஸ் தடுத்தாள்.

"நீங்க இப்ப வரக் கூடாதும்மா."

"அவர் பெண்டாட்டி நான்."

"தெரியும். கையெழுத்துப் போட்டவங்க மட்டும்தான்னு சொல்லியிருக்காங்க."

கதவை மூடிக்கொண்டார்கள். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. உட்பக்கம் துணி தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு எதிரில் நின்றேன். என் புருஷன் அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷமாக எதற்கு ஏங்கினேனோ அது அங்கே நடக்கிறது. கேட்பவர் வேறு யாரோ.

லாத்ரப் வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். "நல்லா இருக்கார்" என்றார்.

"பேசினாரா?"

"அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது, மேடம்."

கர்த்தரே, அந்த மனிதர் மேல் எனக்குப் பொறாமை வந்தது. எழுதி வைக்கிறேன், பிறகு ஒப்புக்கொள்ளும்போது மறக்காமல் இருக்க.

ஜூலை 2

வீட்டுக்கு வந்தாயிற்று. கஞ்சி, கோழி ரசம். அரை முட்டை.

ஜூலை 11

புரூனோ ஜன்னலோரம் உட்கார்ந்து திடீரென்று கேட்டார்: "அன்னைக்கு என்ன பேசினேன்னு லாத்ரப் உன்கிட்ட ஏதாவது சொன்னானா?"

"எனக்கு எப்படிச் சொல்வார்? உங்களுக்குச் சொல்லலியா?"

"எனக்கும் சொல்ல மாட்டானாம். அதுவும் ரகசியமாம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் அவர்தான் சிரித்தார், தையலைப் பிடித்துக்கொண்டு.

"உன்னைத் திட்டியிருப்பேன்."

"அதுக்கு எதுக்கு ரகசியம்? அது தெருவுக்கே தெரியுமே."

மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்பது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது. இப்படியும் ஒரு சந்தோஷம்.

ஜூலை 12

'அது' போய்விட்டதாம். எங்கே, வானத்துக்கா, எப்படி, ஒன்றும் கேட்கவில்லை. டெல்பர்ட் வந்து "போச்சு" என்றார். புரூனோ கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன், எதற்கென்று தெரியாமலே.

ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள்

காலைப் பூசை. திரும்பி வந்து தக்காளி பறித்துக்கொண்டிருந்தபோது லாத்ரப் வந்தார். புரூனோவைப் பார்க்க மாதம் ஒரு முறை வருகிறார். புரூனோ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்றார், ஆனாலும் போகவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேடம், ஒரு விஷயம். இது கம்பெனி விஷயமா இல்லையான்னு ரொம்ப நாளா யோசிச்சுப் பாத்துட்டேன். இல்லைன்னுதான் தோணுது."

நான் கூடையைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு மயக்கம் தெளியறப்ப என் கையப் பிடிச்சுக்கிட்டார். விடவே இல்ல. நீங்கன்னு நினைச்சுட்டார். 'லோடி, உன் கை ஏன் இப்படிச் சொரசொரப்பாயிருச்சு'ன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவ்வளவு பெரிய மனிதர் காது வரை சிவந்துவிட்டார். "என்ன சொல்றதுன்னு தெரியல. தோட்ட வேலைன்னு சொன்னேன்."

"அதுக்கு அவர்?"

"வெயில்ல நிக்காதேன்னார்."

ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்து அனுப்பினேன். அப்புறம் கிணற்றடிப் பக்கம் போய் நின்றேன், யாரும் பார்க்காத இடமாக.

அவர் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். நான் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன். எனக்காக யாரோ பதில் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 21

கண்ணாடிவில்லைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி எடுக்க மாட்டேன்.

செப்டம்பர் 26

கட்டி ஈரல் பக்கம் தொட்டுவிட்டதாம். மறுபடி வெட்ட வேண்டும். டாக்டர் ஹாஸ்கெல் என் கண்ணைப் பார்க்காமல் பேசினார். "ஜனவரியில வந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். இந்தத் தடவை மேஜையிலிருந்து எழுவாரா என்று நேராகவே கேட்டேன். "கண் விழிப்பார்னு நம்பறேன். எவ்வளவு நேரம்னு சொல்ல முடியாது" என்றார்.

புரூனோவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் வந்தேன். அவருக்கே தெரிந்திருந்தது. "யார் உக்காரப் போறாங்க? லாத்ரப்தானா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு யார் வேணும்?"

"நான் கேக்கக் கூடாது, லோடி" என்றார்.

சரி. அவர் கேட்கக் கூடாது. எனக்கு யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அக்டோபர் 3

கம்பெனிக்குக் கடிதம் எழுதப் போவதை ஆர்டித்திடம் சொன்னேன். பயந்துவிட்டாள். "அவங்களுக்கு எழுதவா போற? நாம யாரும் எழுதினதே இல்லையே, லோடி. டெல்பர்ட் வேலைக்கு ஏதாவது ஆயிடப்போகுது." பிறகு போகும்போது வாசலில் நின்று, "எனக்கும் சேத்துக் கேளு" என்றாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்து எழுதினேன். மார்சியா டைப் அடித்தாள். லாத்ரப் கையில் கொடுத்துவிட்டேன். மேலிடத்தில் சேர்ப்பதாகச் சொன்னார். நகல் இங்கே.

"ஐயா,

நான் புரூனோ சதோவ்ஸ்கியின் மனைவி லெயோகாடியா. இம்மாதம் 17ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அவருக்கு இரண்டாவது ஆபரேஷன். கண் விழிக்கும்போது அவர் அருகில் இருக்க எனக்கு அனுமதி வேண்டும்.

அவர் என்ன வேலை செய்கிறார் என்று நான் கேட்கவில்லை. முன்பு தெரிந்துகொள்ள ஆசை இருந்தது. இப்போது இல்லை. மிஸ்டர் லாத்ரப் நல்லவர், அவரும் இருக்கட்டும். அவர் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். எந்தக் காகிதமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். போதாது என்றால் அதன்மேல் மெழுகும் வைக்கிறேன், உங்கள் நர்ஸ் சரிபார்க்கலாம். அவர் பேசுவதை உங்கள் ஆள் கேட்டுக்கொள்ளட்டும். அவர் கையை மட்டும் நான் பிடித்துக்கொள்கிறேன்.

நாள் அதிகம் இல்லை. தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்."