சித்தேரியில் ஒன்பது பேர்

12-6-86, அரூர்

சித்தேரியில் கணக்கெடுப்பு இன்றோடு முடிந்தது. போன வருடம் எங்கள் புகை ஒழிப்புச் சங்கத்துக் கூட்டங்களில் பீடியை விடுவதாகச் சத்தியம் செய்தவர்கள் அறுபது பேர். அதில் ஆறு மாதமாக உண்மையிலேயே தொடாதவர்கள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது என் வேலை. புருஷனைத் தனியாக, பெண்டாட்டியைத் தனியாகக் கேட்டேன்.

ஒன்பது பேர்.

சென்றாயன் என்னைக் கண்டதும் பீடியை மறைக்கவில்லை. இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "பதினோரு நாளு வுட்டிருந்தேனுங்க. அப்புறம் முடியல. பொய் சொல்ல மனசு வரல." மறுபடி கூட்டம் போடுவார்களா என்று கேட்டார். போடுவார்கள் என்றேன்.

15-6-86

காய்ச்சல். படிவங்களைத் தர்மபுரி ஆபீசில் தானே கொடுத்துவிடுவதாகச் சகாயமேரி சொன்னாள். மூன்று வருடமாக ஒரே அறை, ஒரே வேலை. எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

18-7-86

சங்கத்து ஆண்டு விழாவில் செயலாளர் அறிக்கை வாசித்தார். சித்தேரியில் நாற்பத்தேழு பேர் விட்டுவிட்டார்களாம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் — என் காதில்தான் தப்பாக விழுந்திருக்கும் என்று.

பிறகு ஆபீசில் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். சென்றாயன் — 'விட்டுவிட்டார்'. கீழே என் கையெழுத்து. நான் போடாத கையெழுத்து. என் 'ஹ'வை இப்படிச் சுழிக்க வேறு யாருக்குத் தெரியும்?

கேட்டேன். சகாயமேரி மறுக்கவில்லை. "ஒன்பதுன்னு குடுத்தா திட்டத்தையே மூடிடுவாங்க, ஹமீதா. உன் வேலைக்கும் சேத்துத்தான் செஞ்சேன்."

எனக்காகவா? நான் கேட்டேனா? என் பேர ஏன்டி போட்ட? உன் பேர்ல எழுத வேண்டியதுதான?

19-7-86

அவளுக்குச் சூப்பர்வைசர் வேலை. நேற்று அதைச் சொல்லவில்லை.

4-8-86

வெற்றி கிடைத்த ஊராம், அதனால் சித்தேரியில் இனிக் கூட்டம் கிடையாது. மீதி ஐம்பத்தோரு பேரை யார் பார்ப்பது?

நான் முதலில் குறித்த நோட்டைச் செயலாளரிடம் காட்டினேன். படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே என்று மட்டும் கேட்டார். சகாயமேரி பக்கத்திலேயே நின்றாள். படிவக் கட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

30-8-86

வேலை போயிற்று. அறையையும் காலி செய்துவிட்டேன்.

12-10-86, ஞாயிறு

சித்தேரிக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்தில் சங்கத்தின் போர்டு: பீடியை விட்டவர்கள், நாற்பத்தேழு பெயர். நான்காவது சென்றாயன். அதைக் காட்டி ஊரே அவரைக் கேலி செய்கிறதாம். அவர் மனைவி குள்ளம்மாள் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"நா உங்ககிட்ட நெசந்தானுங்களே சொன்னேன்" என்றார் சென்றாயன்.

நடந்தது அத்தனையும் சொன்னேன். நம்பினாரா, தெரியவில்லை. நான் எழுந்தபோது மெதுவாகச் சொன்னார்: "நாலு நாளா புடிக்கலீங்க. இத எங்கியும் எழுதிறாதீங்க."

காகிதமே கொண்டுவரவில்லை என்றேன். அடுத்த ஞாயிறு வரலாமா என்று கேட்டேன்.

காலை பஸ்ஸில் வரச் சொன்னார்.