ஐந்து மீட்டரும் வேலை செய்கின்றன

சங்கரன்கோவில்,
வெள்ளிக்கிழமை மாலை.

அன்பு மச்சான் அவர்களுக்கு ரிஸானா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமியும் அல்லாஹ் கிருபையால் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவள் கடிதம் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மாமி வாங்கிக்கொள்கிறார்கள். நீங்களும் ரூமில் ஆள் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறீர்கள். உங்களோடு வேலை செய்கிற சிஹாபுதீன் அண்ணன் லீவு முடிந்து தம்மாம் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்பினால் நிதானமாகப் படிப்பீர்கள் என்று எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சந்தோஷமான சேதி. மாமா விட்டுப்போன பழைய பிக்கப் வண்டியில் ஐந்து மீட்டரும் வேலை செய்கின்றன. ஸ்பீடு, பெட்ரோல், சூடு, பேட்டரி, ஆயில் எல்லாம். சரிசெய்தது நான்தான். வேலை முடியட்டும் என்றுதான் உங்களிடம் மூச்சு விடவில்லை, நானே எழுதிச் சொல்ல வேண்டுமென்று மாமியையும் சொல்ல விடவில்லை.

போன வருஷம் நீங்கள் சொல்லி ஜெயசிங் அண்ணாச்சி பட்டறையில் இஞ்சினை ஓட வைத்தாரே, அப்போது டேஷ்போர்டில் ஒரு முள்கூட அசையவில்லை. உங்களைவிட மூத்த வண்டிக்கு மீட்டர் எங்கே கிடைக்கும், பெட்ரோல் டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நீங்களே போனில் சிரித்தீர்கள். பழசைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கடையில் விற்கிற பிளாஸ்டிக் மீட்டரை மாட்டிவிடுவோம் என்று அண்ணாச்சி ஸ்பேனரை எடுத்துவிட்டார். எனக்கு மனசு வரவில்லை. கழற்றி என்னிடம் கொடுங்கள், ஒருதடவை பார்க்கிறேன் என்று கேட்டேன். வயரைத் தொட்டால் வண்டி எரிந்து போகும்மா என்றார். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், கல்யாணத்துக்கு முன்னால் செல்போன் சர்வீஸ் கடையில் இருந்தவள் என்று சொன்ன பிறகுதான் கொடுத்தார். அப்போதும் அரைமனசுதான்.

சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து வேலையைத் தொடங்கினேன். மாமி ஒருவாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெட்ரோல் வாடையில் சோறு இறங்கவில்லை என்று தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, எனக்கே தலைவலி வந்தது.

பெட்ரோல் மீட்டருக்குள் இருந்த கம்பிச்சுருள் கருகிப்போயிருந்தது. இந்த வண்டி ஆறு வோல்ட்டில் ஓட வேண்டியதாம், யாரோ பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை மாட்டியிருக்கிறார்கள். மோட்டார் வைண்டிங் கடையில் முடி மாதிரி மெல்லிசான செம்புக்கம்பி வாங்கி, பன்னிரண்டு வோல்ட்டைத் தாங்கும்படி நானே சுற்றினேன். மூன்று தடவை அறுந்தது. டேங்குக்குள் மிதக்கிற பித்தளை மிதவையில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதற்குள் பெட்ரோல் போய் மிதவையே மூழ்கிக் கிடந்தது. நன்றாகக் காயவைத்து, ஈயம் வைத்து ஓட்டையை அடைத்தேன். சூடு காட்டுகிற மீட்டரை மட்டும் பிழைக்க வைக்க முடியவில்லை. அதற்குப் பழைய டிராக்டர் மீட்டர் ஒன்றை வாங்கி, முன்னால் நம் வண்டி மீட்டரின் முகத்தையே ஒட்டினேன். பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் தெரியாது.

எண்களெல்லாம் அழிந்துபோயிருந்தன. மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக எழுதினேன். பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு மருதாணி போட்டுவிட்ட கைதானே, நடுங்கவில்லை. முள்ளுக்கு ஆரஞ்சு வர்ணம் கொடுத்தேன். இரவில் விளக்கைப் போட்டால் ஐந்தும் பொன்னிறமாகத் தெரிகின்றன, மச்சான். நானே இரண்டு தடவை போய் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன்.

இஞ்சினுக்குள் ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுகிற ஆயில் மீட்டர்தான் ரொம்பப் பாடுபடுத்தியது. அதன் குழாயில் அடைத்திருந்த கசடைச் சுத்தம் செய்து, பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்றுப் பைப்பில் மாட்டிப் பார்த்தேன். கடைக்காரரின் மீட்டர் இருபது என்றால் என்னுடையதும் இருபது. நாற்பது என்றால் நாற்பது. அங்கே நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பர்தாவில் ஒருத்தி இங்கே என்ன செய்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி நடந்ததைக் கேளுங்கள். கடையநல்லூரில் மாமியின் தங்கை பேத்திக்கு நிக்காஹ் நடந்தது உங்களுக்குத் தெரியும். பிக்கப்பில் போவோம் என்று மாமியே ஆசைப்பட்டார்கள். அண்ணாச்சி ஓட்டினார், நடுவில் நான், ஓரத்தில் பட்டுச்சேலையோடு மாமி. புளியங்குடி தாண்டியதும் ஆயில் முள் கீழே இறங்கத் தொடங்கியது. நாற்பதில் நின்றது முப்பதானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபதுக்கும் கீழே வந்துவிட்டது. வண்டியை நிறுத்துங்கள் என்றேன். "இஞ்சின் சத்தம் எனக்குத் தெரியாதாம்மா? நீ மீட்டரத் தப்பா மாட்டிருக்க, பேசாம இரி" என்றார் அண்ணாச்சி. நிக்காஹ் நேரமாச்சு, நிறுத்தாதேயும் வே என்று மாமி அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்தது. முப்பது வருஷமாக வண்டி பார்க்கிறவர் சொல்கிறார், நான் சாப்பாட்டு மேசையில் சரிசெய்த முள் வேறு சொல்கிறது. ஆனால் பஞ்சர் கடையில் என் கண்ணால் பார்த்தேனே. பிஸ்மி சொல்லிக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பிவிட்டேன்.

ஓடுகிற வண்டியில் அப்படிச் செய்யலாமா என்று நீங்கள் கோபப்படுவீர்கள். ரோட்டில் முன்னும் பின்னும் வண்டி வராததைப் பார்த்துக்கொண்டுதான் செய்தேன். வண்டி உருண்டுபோய் ஒரு எலுமிச்சைத் தோட்டத்து ஓரம் நின்றது. அண்ணாச்சி கதவை அறைந்துவிட்டு இறங்கினார். மாமி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

அண்ணாச்சி பானட்டைத் திறந்து பார்த்தார். அவர் புதிதாகப் போட்ட ஆயில் ஹோஸ் வெடித்து, ஆயிலெல்லாம் வந்த வழியெங்கும் கொட்டியிருக்கிறது. பம்பரில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் வந்து, "இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போயிருந்தா இஞ்சின் இறுகிப் போயிருக்கும்மா. என் ஒரு வருச வேலையும் போயிருக்கும். மீட்டர் சரியாத்தான் சொல்லிருக்கு" என்றார். மனசில் பட்டதை மறைக்காமல் சொல்கிற மனுஷர். பைக்கில் போன யாரோ ஒருவரின் பின்னால் ஏறிப் புளியங்குடிக்குப் போய் ஹோஸும் ஆயிலும் வாங்கி வந்து மாட்டினார்.

நிக்காஹ் முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் போய்ச் சேர்ந்தோம். மாமி கோபமாக இருப்பார்கள் என்று பயந்து பின்னாலேயே போனேன். அவர்களோ பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்ததும், "எம் மருமவ மட்டும் சாவியத் திருப்பலன்னா நடுரோட்டுலதான் கெடந்திருப்போம். ஐஞ்சு மீட்டரும் அவ செஞ்சது" என்று பிரியாணி ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலவும் இருந்தது.

அண்ணாச்சி இதைப் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். சிவகிரியிலிருந்து ஒருவர் பழைய ஜீப்பின் மீட்டரைக் கொண்டுவந்தார். ராஜபாளையத்தில் பழைய கார் வைத்திருக்கும் டாக்டர் ஒருவர் நேரில் வந்து பார்த்துவிட்டுக் கொடுத்துப்போனார். வாசலை ஒட்டிய அறையைத் திறந்து வெள்ளையடித்து மேசை போட்டிருக்கிறேன். மாமிக்குச் சாப்பாட்டு மேசை திரும்பக் கிடைத்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். சிஹாபுதீன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில், உன் மாப்பிள்ளை ஆஷிக் இப்போது வண்டி ஓட்டுவதில்லையே, இடுப்பில் முதுகுவலி பெல்ட்டைக் கட்டிக்கொண்டு குடோனில் நிற்கிறான் என்று சொல்லிவிட்டு, உடனே பேச்சை மாற்றினார். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மாமியிடமும் சொல்லவில்லை. இரண்டு லீவுக்கு நீங்கள் வராததை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்தேன். பார்சலில் பலகாரத்துக்கு அடியில் தைலம் வைத்திருக்கிறேன். இரவில் சூடாக்கித் தடவுங்கள்.

மச்சான், எனக்கு மீட்டர் தெரியும், வண்டி தெரியாது. எந்த வயர் எங்கே போகும், எந்த வண்டிக்கு எது பொருந்தும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அண்ணாச்சியை எத்தனை தடவை கூப்பிடுவது? இந்த வேலையில் எடை தூக்க வேண்டாம், குனிய வேண்டாம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தே செய்யலாம். பெருநாளோடு காண்டிராக்ட் முடிகிறது. நீட்டிக்கிறாயா என்று கேட்டால், வீட்டில் வேலை காத்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லுங்கள். அது பொய்யில்லை.

போன மாதம் நான் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நானே பிக்கப்பை எடுத்து வருவேன். துணைக்கு வருகிறேன் என்று அண்ணாச்சி சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். சீட்டில் முதுகு சாய்க்க நல்ல பஞ்சுத் தலையணை தைத்திருக்கிறேன். வழியெல்லாம் நான் ஓட்டுகிறேன், நீங்கள் சாய்ந்து தூங்கிக்கொண்டே வரலாம்.

அல்லாஹ் உங்கள் உடம்பையும் மனதையும் லேசாக்கித் தருவானாக. ஆமீன்.

உங்கள் வரவுக்கு துஆ செய்யும்,
ரிஸானா