வாசலுக்கு நேரே ஒரு தூண்

1998 ஏப்ரல் 6, திங்கள். பிளானோ.

காலையில் வெயில், மத்தியானம் பேய்க்காற்று. எழுத்து கோணல்மாணல். நோட்டு பொறுத்துக்கொள்ளட்டும். நூல் பிடிக்காமல் கட்டின சுவர் மாதிரி வரி மேலே மேலே ஏறுகிறது. எழுபத்தொரு வயசில் பிடித்த பென்சில். ஒரு வரிக்குப் பத்து நிமிஷம். ஆனாலும் நானே எழுதி நானே படிக்கிறேன்! மகன் குமார் ஊருக்குப் போட்ட கடிதமெல்லாம் அப்போது போஸ்ட்மேன் வாயால் கேட்டதுதான்.

வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு ரூம் சேர்த்துக் கட்டுகிறார்கள். மாடி ஏற முட்டி விடுவதில்லை. ஹாலின் பழைய பின்சுவரை எடுத்தாயிற்று. அந்த இடத்தில் கூரையைத் தாங்க நீள மரப் பீம் ஒன்று, நடுவில் ஒரு மரத்தூண். சிட்டி இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமை வந்து பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

ஆனால் தூண் தலைவாசலுக்கு நேரே! கதவைத் திறந்தால் நெற்றியில் குத்துகிறது. எங்கள் பக்கத்தில் எவனாவது இப்படி வைப்பானா? குமாரும் மருமகள் சுமதியும் ஆபீஸ். நானே மேஸ்திரியிடம் போனேன். மெக்சிகோக்காரர், பெரிய மீசை. கையால் காட்டினேன்: இங்கிருந்து இரண்டடி அங்கே.

"யூ ஓனர்?"

"எஸ்."

கொஞ்சம் யோசித்தார். "ஓகே, பாஸ்." ஒரு மணி நேரத்தில் தூண் நகர்ந்துவிட்டது.

கோபியில் முப்பது வருஷம் சென்ட்ரிங் வேலை பார்த்தவன். எத்தனை கான்கிரீட் கூரைக்கு முட்டுக் கொடுத்திருப்பேன். இது அமெரிக்கா, மரக்குச்சி வீடு. இதில் என்ன பெரிய பாரம்.

குமார் போனில் பேசிக்கொண்டே வந்தான், பேசிக்கொண்டே மாடிக்குப் போனான். தூணைப் பார்க்கவே இல்லை. சுமதி மட்டும், "இப்ப வாசலுக்கு நேரா இல்லீங்களே மாமா, நல்லா இருக்குதுங்க" என்றாள். நான் சிரித்து வைத்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

இரண்டு நாளாக மழை. இட்லி நன்றாக வந்தது, ஐந்து. ஹால் பக்கத்து பாத்ரூம் கதவு இடிக்கிறது. போன வாரம் இடிக்கவில்லை.

இந்த ஊரில் வெயில் காலத்தில் வீட்டைச் சுற்றி ஹோஸ் போட்டுத் தண்ணீர் விடுகிறார்கள், செடிக்கு விடுகிற மாதிரி. ஏன் என்று சுமதியிடம் இன்றைக்குத்தான் கேட்டேன்.

"களிமண்ணுங்க மாமா. காஞ்சா வெடிக்கும், ஊறினா பொங்கும். தரையையே தூக்கிப் போட்டுருமுங்க."

அட, நம் கரிசல்! கரிசலில் கைவைக்கிறவன் முதலில் அஸ்திவாரக் குழியைத்தான் பார்ப்பான். அந்தத் தூணுக்குக் கீழே என்ன இருக்கிறது? எழுந்து போய்ப் பார்த்தேன். நாலு அங்குலத் தரை, அவ்வளவுதான். தூணடியில் மயிரிழை விரிசல்.

ஏப்ரல் 10, வெள்ளி

சமையல் மேடையில் ப்ளான் கிடந்தது. இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும், கோடு தெரியும். தூண் இருந்த இடத்தில் புள்ளிக்கோட்டில் ஒரு சதுரம். தரையைக் கூட்டிப் பார்த்தேன். அதே இடத்தில் சதுரமாகக் கான்கிரீட் வேறு நிறம். மார்ச்சில் தரையை வெட்டிக் குழி எடுத்து அஸ்திவாரம் போட்டது இதற்குத்தான். ஏதோ குழாய் வேலை என்று நினைத்துவிட்டேன்.

கூரை கைமரத்தின் மேல்.
கைமரம் பீம் மேல்.
பீம் தூண் மேல்.
தூண் சும்மா தரை மேல்.

குச்சி வீடாம். முட்டாள்.

ஏ.சி. ஆட்கள் விட்டுப்போன டியூப் இருந்தது. தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தேன். ஹாலில் குளிர்காய்கிற செங்கல் அடுப்பில் ஒரு கோடு, அதே மட்டத்தில் தூணில் ஒரு கோடு. மேஸ்திரி ஆட்கள் வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 11, சனி

தமிழ் வகுப்பு. என்னைத் தவிர எல்லாருக்கும் ஏழு வயசு, எட்டு வயசு. பக்கத்து வாண்டு என் நோட்டை எட்டிப் பார்த்து, "தாத்தா, யூ ஃபர்காட் த டாட்." புள்ளி வைத்தேன். ராஜி டீச்சர் யாழ்ப்பாணம். "எல்லாரும் அடுத்த கிழமை வீட்டில ஒராளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டு வாங்கோ. ஐயா, நீங்களும்தான், சிரிச்சுத் தப்ப ஏலாது."

வந்ததும் டியூப். தூணில் கோடு கீழே போயிருக்கிறது. ஒரு பென்சில் கோட்டின் தடிமன். இரண்டு தடவை பார்த்தேன், மூன்று தடவை.

ஏப்ரல் 13, திங்கள்

குமார் போனில் யாரிடமோ: "வியாழக்கிழமை ஷீட்ராக் பலகை அடிச்சு எல்லாத்தையும் மூடிருவாங்க. ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சறோம், நாப்பது பேர், கட்டாயம் வரணும்... அதெல்லாம் கவலையே இல்ல. அப்பா கட்டட வேலை பார்த்தவரு, கூடவே நின்னு பார்த்துக்கறாரு."

"குமாரு" என்றேன்.

"ஒரு நிமிஷம்ப்பா."

ஒரு நிமிஷம் கழித்து, "சொல்லுங்கப்பா."

"மோர் வேணுமா?"

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் கால் அங்கேதான் போகிறது. சுமதி சிரிக்கிறாள்: "அந்தத் தூணையே சுத்தறீங்களே மாமா, கொடிமரமுங்களா?"

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப்பிறப்பு. பாயசம் இரண்டு டம்ளர். இரண்டு கோடு இறக்கம். இப்போது ஹால் கூரையிலும் விரிசல். மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 15, புதன்

விடிந்ததும் எழுதினேன். நாலு தாள் வீண். ஐந்தாவதைத் தூணில் ஆணி அடித்து மாட்டினேன், குமாரின் மூக்கு உயரத்தில்.

"குமாருக்கு. தூணை நகர்த்தச் சொன்னது நான். மேஸ்திரி மேல் தப்பில்லை. கீழே அஸ்திவாரம் இல்லை. நாலு நாளில் இரண்டு கோடு இறங்கிவிட்டது. நாளைக்கு மூடாதே. அப்பா."

காப்பியோடு வந்தான். நின்றபடி படித்தான். மறுபடி படித்தான்.

"ஓனர்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நாப்பது பேரை இதுக்குக் கீழ உட்கார வெச்சிருப்பேன்ப்பா." குரல் உயர்ந்தது. சுமதி மாடிப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். நான் தூணைக் காட்டினேன். எல்லாம் தாளில் இருக்கிறதே.

பிறகு போன், போன், போன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போய்விட்டான். டீச்சருக்குக் காட்ட இனி வேறு கடிதம் எழுத வேண்டும்.

ஏப்ரல் 17, வெள்ளி

வெயில். இன்ஜினியர் நேற்று வந்து பார்த்தார். இன்று பீமுக்கு இரண்டு பக்கமும் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, தூணைப் பழைய சதுரத்தின் மேலேயே வைத்தார்கள். தூக்கும்போது கூரை முனகியது.

மீசைக்காரர், "ஓகே, பாஸ்?" என்று கண்ணடித்தார். "நோ பாஸ்" என்றேன். குமாரைக் காட்டினேன்.

பால் காய்ச்சுவது ஒரு வாரம் தள்ளி. பாத்ரூம் கதவு இன்னும் லேசாக இடிக்கிறது. தூண் பழையபடி வாசலைப் பார்த்து முறைக்கிறது. சுமதி: "ஒரு பிள்ளையார் படம் மாட்டிருவோமுங்க மாமா. குத்தறதை அவர் வாங்கிக்குவாரு."

இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசாத குமார் சாயங்காலம் டியூபை எடுத்து வந்தான். ஒரு முனையை அவன் பிடித்தான், ஒரு முனையை நான். தூணில் புதுக் கோடு போட்டேன்.

"பக்கத்துல தேதி எழுதுங்கப்பா."

"நீ எழுதேன். என் எழுத்து கோணல்."

"நீங்கதான் எழுதணும்."

எழுதினேன். மரத்தில் எழுதுவது தாளைவிடக் கஷ்டம். ஏழு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை டியூப் வைத்துப் பார்த்து, கோடு நின்றதா இறங்கினதா என்று இந்த நோட்டிலும் போடுவேன், தூணிலும் போடுவேன். பென்சில் முனை தேய்ந்துவி...